அமைச்சரின் தொலைபேசியும் தோட்டத்து முறைப்பாடும்

இந்தியப் பொலிஸ் படங்களைப் பார்க்கும் ஹட்டன் பக்கத்து உயர்தர மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அமைச்சருக்கு அந்த நேர்மையான அதிகாரி மீது அவ்வளவு ஆத்திரம் என்றால் வேலையை விட்டே தூக்கிவிட வேண்டியதுதானே? எதற்காக ஒவ்வொரு படத்திலும் இடமாற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறார்? கதை எழுதியவருக்குக் கற்பனை போதவில்லை என்று பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த இடமாற்றக் கடிதத்துக்குப் பின்னால் இந்தியாவின் அரசியலமைப்பே நிற்கிறது. அதை விளங்கிக்கொண்டால் இந்தப் படங்கள் ஏன் இந்த வார்ப்பில் வருகின்றன என்பது தெரியும். மலையகத்தில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அவை எந்த இடத்தில் பொருந்தாமல் போகின்றன என்பதும் தெரியும்.

இந்தியாவில் பொலிஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. ஆனால் மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் பெரும்பாலும் ஐ.பி.எஸ். எனப்படும் இந்தியப் பொலிஸ் சேவையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சேவைக்கு ஆள் தெரிவு செய்வது மத்திய தேர்வாணையம். நியமனம் குடியரசுத் தலைவரின் பெயரில் வருகிறது. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட எவரும் ஓர் அரச ஊழியரைப் பதவி நீக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 311 ஆவது உறுப்புரை. ஆகவே ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே கொதித்தெழுந்தாலும் ஐ.பி.எஸ். அதிகாரியை நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாற்றலாம். அதற்கு ஒரு கையொப்பம் போதும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ‘காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்’ என்ற செய்தி, சம்பளம் கொடுத்து நாற்காலியைப் பறிக்கும் தண்டனையைத்தான் குறிக்கிறது.

இடமாற்றம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. ஓய்வுபெற்ற பொலிஸ் தலைமை அதிகாரி பிரகாஷ் சிங் 1996 இல் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2006 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. மாவட்ட அத்தியட்சகர் முதல் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி வரை முக்கிய இடங்களில் இருப்பவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் பதவிக்காலம் வேண்டும், இடமாற்றங்களைத் தீர்மானிக்கப் பொலிஸ் அதிகாரிகளைக் கொண்ட ஒரு சபை வேண்டும் என்று அது கட்டளையிட்டது. மாநிலங்கள் பல அந்தக் கட்டளையைச் சுற்றிவளைத்துக் கடந்துபோயின. திரைக்கதை ஆசிரியர்களுக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை. வெளியூரில் இருந்து வருகிற, உள்ளூரில் உறவோ கடனோ இல்லாத, துரத்த முடியும் ஆனால் அழிக்க முடியாத ஒரு மனிதன் அவர்களுக்குத் தயாராகக் கிடைத்துவிட்டான்.

அதே பாதுகாப்பு கீழ் நிலையில் இல்லை. சினிமா அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. இன்ஸ்பெக்டரும் ஐ.பி.எஸ். அதிகாரியும் திரையில் ஒரே மாதிரி மேசையைத் தட்டுகிறார்கள். 1973 இல் வந்த இந்திப் படமான ‘ஜஞ்சீர்’ இந்த விடயத்தில் கொஞ்சம் நேர்மையானது. அமிதாப் பச்சன் நடித்த இன்ஸ்பெக்டர் விஜய் கன்னாவை இலஞ்ச வழக்கில் பொய்யாக மாட்டிச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சலீம் - ஜாவேத் எழுதிய அந்தக் கதைதான் மறு ஆண்டே எம்.ஜி.ஆர். நடித்துத் தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ ஆனது. அதே 1974 இல் சிவாஜியின் ‘தங்கப்பதக்கம்’ வந்தது. மகேந்திரன் எழுதி முதலில் மேடையில் நடிக்கப்பட்ட கதை. எஸ்.பி. சௌத்ரி கடமைக்காகத் தன் மகனையே சுடுகிறார். அந்தக் கதையில் அரசு கெட்டுப்போகவில்லை. கெட்டவன் மகன், சட்டம் தந்தையைப்போல் கறாரானது. பொலிஸ் நிலையத்தின் மீதான நம்பிக்கையில் அதில் ஒரு கீறலும் விழவில்லை.

கீறல் விழுந்தது 1983 இல். கோவிந்த் நிஹலானியின் ‘அர்த் சத்யா’வில் ஓம் பூரி நடித்த உப பரிசோதகர் வேலன்கர் நேர்மையானவர்தான். ஆனால் ஊர்ப் பெரும்புள்ளியைத் தொட முடியாத கோபத்தை லொக்கப்பில் கிடக்கும் ஒருவன் மீது காட்டுகிறார். அவன் இறந்துபோகிறான். வழக்கில் இருந்து தப்ப, தான் வெறுத்த அதே பெரும்புள்ளியின் வாசலில் போய் நிற்க வேண்டியதாகிறது. நேர்மையும் வன்முறையும் ஒரே உடம்பில் இருக்கலாம், ஒன்று மற்றொன்றை வளர்க்கவும் செய்யலாம் என்று சொன்ன படம் அது. தமிழ் வெகுஜன சினிமா அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘மூன்று முக’த்தின் அலெக்ஸ் பாண்டியன், 1990 இல் ‘சத்ரிய’னில் விஜயகாந்த், 1993 இல் ‘வால்டர் வெற்றிவே’லில் சத்யராஜ் என்று அது வேறு பாதையில் போனது. வில்லன் மந்திரியாக உயர்ந்தான். அதிகாரியின் குரலும் அதற்கு ஏற்ப உயர்ந்தது.

2003 ஐ ஒரு திருப்பமாக வைக்கலாம். மே மாதம் ஹரியின் ‘சாமி’, ஓகஸ்டில் கௌதம் மேனனின் ‘காக்க காக்க’. முதல் படத்தில் விக்ரம் நடித்த அதிகாரி ஊர் அமைதிக்காக என்று சொல்லி வில்லனிடம் மாமூல் வாங்குகிறார். கடைசியில் அவனைக் கொன்று தடயம் இல்லாமல் மறைக்கிறார். இரண்டாவதில் சூர்யாவின் குழு குற்றவாளிகளைச் சுட்டு முடிக்கிறது. இரண்டிலும் நீதிமன்றம் என்பது நேரத்தை வீணாக்கும் ஒரு கட்டடம். இலஞ்சம் வாங்காதவன் என்பதுதான் நேர்மையின் வரைவிலக்கணம் என்று இருந்த நிலை மாறி, நோக்கம் நல்லதென்றால் எதையும் செய்யலாம் என்பது நேர்மையின் புதிய பொருளாயிற்று. ‘சிங்கம்’ 2010 இல் வந்தபோது பழைய இடமாற்றக் கதையும் இந்தப் புதிய நியாயமும் கலந்தன. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்து உப பரிசோதகரைப் பழிவாங்க வில்லன் தன் செல்வாக்கைப் பயன்படுத்திச் சென்னைக்கு மாற்றுகிறான். அதுவே வில்லனுக்கு வினையாக முடிகிறது. அடுத்த ஆண்டு இந்திக்குப் போய் ‘சிங்கம்’ என்ற பெயரே ஒரு வகைப் படத்தின் அடையாளமானது.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கின்போது, சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். சில நாட்களில் இயக்குநர் ஹரி அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொன்னார். 2023 செப்டெம்பரில் மும்பையில் நீதியரசர் கௌதம் பட்டேல், சட்ட நடைமுறையைப் பொருட்படுத்தாமல் உடனடி நீதி வழங்கும் சினிமாப் பொலிஸ் நாயகன் ஆபத்தான செய்தியைத் தருகிறான் என்று சிங்கத்தின் பெயரையே சொல்லிப் பேசினார். படம் பார்த்து யாரும் லத்தியைத் தூக்குவதில்லை என்று வாதிடலாம்தான். ஆனால் தூக்கியவனுக்குக் கைதட்ட ஒரு சனம் பழக்கப்பட்டிருப்பதில் படத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இந்தப் படங்களை மலையகம் பல வழிகளில் உள்வாங்கியது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் தோட்டங்களில் இருக்கிறார்கள். பிறகு திருவிழா இரவுகளில் வாடகைக்குத் தொலைக்காட்சியும் டெக்கும் கொண்டுவந்து விடிய விடியப் படம் போட்டார்கள். இப்போது லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள். திரையில் வரும் அதிகாரி தமிழ் பேசுகிறார். ஏழையின் முறைப்பாட்டை நின்று கேட்கிறார். இந்த இரண்டுமே இங்கே கற்பனைக் கதைக்கு நிகரானவை. அதனால்தான் அந்தக் காட்சிகள் சென்னையில் கிடைக்கும் கைதட்டலைவிட இங்கே ஆழமாகப் போய்த் தங்கின என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு காட்சி மட்டும் இங்கே தலைகீழாகிவிடுகிறது. நேர்மையான அதிகாரி எல்லாப் படத்திலும் செய்யும் முதல் காரியம், சிபாரிசுத் தொலைபேசியைத் துண்டிப்பது. அமைச்சர் அழைக்கிறார், சட்டமன்ற உறுப்பினர் அழைக்கிறார், ‘நம்ம பையன், விட்டுவிடுங்கள்’ என்கிறார். அதிகாரி றிசீவரை வைக்கிறார். அரங்கம் அதிர்கிறது. அந்த அழைப்பு ஊழலின் குரல் என்பதில் படத்துக்குச் சந்தேகம் இல்லை.

தோட்டத்தில் ஒருவருக்குப் பொலிஸில் என்ட்ரி போட வேண்டிய தேவை வந்தால் என்ன நடக்கிறது? அவர் தனியாகப் போவதில்லை. முதலில் தோட்டத் தலைவரிடம் போகிறார். தலைவர் தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்கிறார். அங்கிருந்து ஒரு பிரதேச சபை உறுப்பினரோ பாராளுமன்ற உறுப்பினரின் ஆளோ பொறுப்பதிகாரிக்கு அழைக்கிறார். அதற்குப் பிறகுதான் பல வேளைகளில் முறைப்பாடு புத்தகத்தில் ஏறுகிறது. தனியே போய் வாங்கில் உட்கார்ந்திருந்தால் மாலைவரை உட்கார்ந்திருக்கலாம். பெண் என்றால் இன்னும் மோசம். சிங்களம் சரளமாக வராது என்றால் சொல்லவே வேண்டாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாத ஒருவருக்கு அந்த அழைப்புத்தான் சட்டத்தரணி. திரையில் வரும் அதிகாரி இங்கே வந்து எல்லா அழைப்பையும் துண்டித்தால் முதலில் அடைபடுவது லயத்துக்காரரின் கதவு. துரையும் கடை முதலாளியும் நேரில் போனாலே கதிரை கிடைக்கும். அவர்களுக்கு அழைப்புத் தேவையில்லை.

இதைச் சொல்வதால் சிபாரிசு புனிதமாகிவிடாது. முறைப்பாட்டை எழுத வைக்கும் அதே அழைப்பு, மனைவியை அடித்தவனை மறுநாள் வெளியே கொண்டுவருகிறது. கசிப்புக் காய்ச்சியவனைக் காப்பாற்றுகிறது. போகவந்தலாவைப் பக்கம் ஆற்றைக் கிளறிச் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் தோண்டுபவனின் பின்னால் நிற்பவர் பெயரை அறிக்கையில் இருந்து விழுத்துகிறது. உரிமையும் ஊழலும் ஒரே கம்பி வழியாகப் போய்வருகின்றன. இந்தச் சிக்கலைக் காட்டும் பொலிஸ் படத்தை நான் பார்த்ததில்லை. காட்டினால் எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல் போய்விடும்.

மந்திரியின் சொல்லை மறுத்த பொலிஸ் அதிகாரி மலையக வரலாற்றிலேயே இருக்கிறார். கதை ஆசிரியர்கள் யாரும் இதுவரை அதைத் தொடவில்லை என்பதில் வியப்பில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதே நேரம் தொழிலாளர்களுக்கு எதிரான வழக்குகளும் நீதிமன்றில் நடந்துகொண்டிருந்தன. ஆணைக்குழு முடியும்வரை அந்த வழக்குகளை ஒத்திவைக்கக் கேட்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க பொலிஸ் மா அதிபருக்குப் பணித்தார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் மறுத்தார். ஆளுநர் கால்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். பின்னர் ஒரு சமரசத்தோடு திரும்பினார்கள்.

வரலாற்று நூல்களில் இது பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பின் நெருக்கடியாகப் பதிவாகியிருக்கிறது. அரசியல்வாதி பொலிஸில் தலையிடலாமா என்பதே அன்றும் விவாதம். சினிமாவின் அளவுகோலை எடுத்து அளந்தால் பாங்ஸ்தான் நேர்மையான அதிகாரி, அமைச்சர் தலையிட்டவர். ஆனால் அந்தத் தலையீடு யாருக்காக வந்தது? சுடப்பட்டவனின் கூட்டாளிகளுக்காக. பொலிஸின் சுதந்திரம் யாரைக் காத்தது? தோட்டச் சொந்தக்காரர்களை. அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்ற கேள்விக்கு முன்னால் அந்தச் சட்டம் எவருடைய வீட்டில் எழுதப்பட்டது என்ற கேள்வி நிற்கிறது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலம் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தபோதும் அதே கேள்விதான். சுட்டவர் இலஞ்சம் வாங்கினாரா இல்லையா என்று மலையகத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அது வேண்டாத கேள்வி.

கடந்த பத்தாண்டுகளில் தமிழ் சினிமாவின் ஒரு சிறிய பகுதி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2015 இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலில் இருந்து பிறந்த படம். பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களை ஆந்திராவின் குண்டூரில் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கிறார்கள். அவர்களுக்குத் தெலுங்கு சரியாக வராது. நிலையத்தில் என்ன பேசப்படுகிறது, எதில் தங்கள் பெயர் எழுதப்படுகிறது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. பதுளையிலோ தலவாக்கலையிலோ இருந்து கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போன பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் பதுளையைச் சேர்ந்த ஒரு பெண், தான் வேலைசெய்த வீட்டாரின் திருட்டு முறைப்பாட்டின் பேரில் கொழும்பில் கைதாகி, வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார்.

‘விசாரணை’யிலும் ஒரு நல்ல அதிகாரி வருகிறார். சமுத்திரக்கனி நடித்த முத்துவேல். மனச்சாட்சி உள்ளவர், ஆனால் மேலிடத்தின் வேலையைச் செய்துகொண்டே மனச்சாட்சியையும் வைத்திருப்பவர். அமைப்பு அவரையே கொன்றுவிடுகிறது. இங்கே நல்லவன் வெல்லாதது சோகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு நிலையத்தில் பொய் எப்படித் தயாராகிறது, எத்தனை பேர் அதில் சிறிது சிறிதாகக் கைவைக்கிறார்கள் என்று பொறுமையாகக் காட்டிய பிறகு அப்படித்தான் முடிக்க முடியும். அதே நடிகர் 2021 இல் ‘ரைட்டர்’ படத்தில் நிலையத்தில் எழுத்து வேலை செய்யும் பொலிஸ்காரராக வந்தார். துப்பாக்கியைவிடப் பேனாவே அதிகம் பேரை உள்ளே தள்ளும் என்பதை அறிந்தவர் எடுத்த படம் அது. எனக்கு அலெக்ஸ் பாண்டியனைவிட இந்த ரைட்டர் நெருக்கமானவர்.

இலங்கையின் நிலைமைக்கும் இந்தியாவின் நிலைமைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இங்கே ஐ.பி.எஸ். போன்று மத்தியில் இருந்து வரும் தனிச் சேவை இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த பொலிஸ் அதிகாரம் இன்றுவரை காகிதத்தில்தான் இருக்கிறது. ஆகவே அரசியல்வாதியிடம் இருந்து பொலிஸைப் பிரிக்கும் முயற்சி இங்கே ஆணைக்குழு வடிவில் வந்தது. 2001 இல் 17 ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கி நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை அதனிடம் கொடுத்தது. 2010 இல் 18 ஆம் திருத்தம் அவற்றைப் பறித்தது. 2015 இல் 19 திருப்பிக் கொடுத்தது, 2020 இல் 20 மீண்டும் சுதந்திரத்தைக் குறைத்தது, 2022 இல் 21 மீண்டும் சரிசெய்தது. ஓர் அதிகாரியை மாற்றுவதற்குப் பதிலாக அவரை மாற்றும் விதியையே மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இழுபறியில் வந்த முடிவு ஒன்று கவனத்துக்குரியது. 2023 டிசம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம், பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரைக் காவலில் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறியதற்குப் பொலிஸ் உயர் அதிகாரி தேசபந்து தென்னக்கோனும் வேறு சில பொலிஸாரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் அவர் பதவியில் செயற்படுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2002 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் மூவர் குழு விசாரித்தது. 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்ப்பு வாக்கே இல்லாமல், அவரைப் பதவி நீக்கியது. காவலில் அடிபட்ட ஒரு சாதாரண மனிதர் அடிப்படை உரிமை மனுப் போட்டு, பத்தாண்டுக்கு மேல் விடாமல் நடந்திருக்கிறார். இடைவேளைக்கு ஏற்ற திருப்பம் எதுவும் அந்த வழக்கில் இல்லை. எல்லாம் தவணை, தவணை, தவணை.

மலையகத்தின் அன்றாடத்துக்கு அதைவிட நெருக்கமான விடயம் வாக்குமூலம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழரே பெரும்பான்மை. ஆனாலும் தமிழில் எழுதக்கூடிய அதிகாரி கடமையில் இல்லை என்ற காரணத்தால் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் கீழே கையொப்பமிடுவது இங்கே வழக்கமாகிப்போனது. எழுதிய கொன்ஸ்டபிள் நல்லவராகவே இருக்கலாம். இலஞ்சமும் வாங்கியிருக்க மாட்டார். ‘அடித்தார்’ என்பது ‘வாக்குவாதம் ஏற்பட்டது’ என்று இறங்கியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதை முடித்தவர் யார் என்று கேட்டால் விரல் நீட்ட ஒரு வில்லன்கூட இருக்க மாட்டான்.

வாய்மொழியாகக் கொடுத்த முறைப்பாட்டை எழுதியபின் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. வாசித்துக் காட்டாமல் பேனாவை நீட்டினால் மறுக்கலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். இலஞ்சம் கேட்டிருந்தால் 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. தலைவரைக் கூட்டிக்கொண்டு போனாலும், அவர் பொறுப்பதிகாரியின் அறையில் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளியே வாங்கில் இருப்பவரிடம்தான் அந்தக் கடதாசி வருகிறது.